நான் கத்தியதற்குக் கைதூக்கியவர்

மாலை நாலு பத்துக்கு நான் கைதட்டிக் கத்தினேன். சாம்பியாவில் வேலை பார்க்கும் மகள், விலங்குகளைக் காட்ட என்னை ஆற்றில் துடுப்புப் படகில் அழைத்துப் போயிருந்தாள். பக்கத்தில் ஒரு நீர்யானை தலையைத் தூக்கியதைப் பார்த்துத்தான் கத்தினேன். வடக்கனந்தலில் எங்கள் மக்காச்சோளக் கொல்லையில் பன்றியை அப்படித்தான் விரட்டுவோம்.

"பாத்தியா, ஓடிடுச்சி!"

"ஓடலப்பா, முங்கிக்கினு இருக்குது. இன்னாப்பா பண்ணிட்ட? இப்ப எங்க எழும்பும்னு யாருக்குத் தெரியும்?"

படகோட்டி நரைத்த தாடிக்காரர். நாங்கள் இருக்கும் இடம் விலங்குக்குத் தெரியட்டும் என்று துடுப்பால் படகின் விளிம்பை அடிக்கடி மெல்லத் தட்டுவார். அப்படித் தட்டிக்கொண்டே படகை நாணலுக்குள் செருகினார். நீர்யானை எங்கே எழும்பும் என்று தெரியாததால் அங்கிருந்து நகர முடியவில்லை. நான் மகளின் கையை விடவில்லை.

"என்மேல் கோபமா?" என்று படகோட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கோபம் அப்புறம். இப்போது தண்ணீரைப் பாருங்கள்."

ஒரு மணி நேரம் கழித்து, நாங்கள் திரும்பாததால் அவருடைய முதலாளி விசைப்படகில் தேடி வந்தார். "கரைவரை கேட்டதே, யார் கத்தியது?"

படகோட்டி என்னைப் பார்க்காமலே கையைத் தூக்கினார். ஏன் தூக்கினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. 'நான்தான்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம்" என்றார் முதலாளி.