நவம்பர் 27, மிலானின் நாள்

மிலானின் உறவினரைத் தேடும் விசாரணை இனிப் பிராக் நகருக்கு அல்ல, பிராட்டிஸ்லாவாவுக்குப் போகிறது. மருத்துவமனை அலுவலர் நேற்று மாலை தொலைபேசியில் இதைச் சொன்னார். அதற்குக் காரணம், இந்த 1993 பெப்ரவரியின் ஈரக் குளிரில், ஞாயிறன்று லண்டனில் பிளேஸ்டோவிலிருந்து ஆர்ச்வேக்கு நாங்கள் போய்வந்த பயணம்.

மிலான், என் நண்பர் சிவலிங்கத்தின் வீட்டு மேலறையில் எட்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவர். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்ததால் வீட்டாருக்கு அவர் 'செக்காரன்'. சென்ற மாதம் பேச்சிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்ந்து, அங்கேயே இறந்தார். அறையில் கடவுச்சீட்டு இல்லை. ஊரில் ஒரு தங்கை உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 27 அன்று வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து, தெரிந்த ஆங்கிலத்தில் "மிலான், பிளீஸ்" என்பார். அவருடைய எண் யாரிடமும் இல்லை. மருத்துவமனையில் பிறந்த தேதி கேட்டபோது சிவலிங்கம் அந்த நாளையே சொல்லிவிட்டார். அப்படி ஒருவர் பதிவில் இல்லை என்று பிராக்கிலிருந்து பதில் வந்தது.

மூர்கேட்டில் நார்தர்ன் லைன் ரயிலுக்கு மாறினால் ஆர்ச்வே ஒரு மணி நேரத்துக்குள். முருகன் கோயிலுக்கு அங்கிருந்து பத்து நிமிட ஏற்றம். பாதியில் சிவலிங்கம் மூச்சுவாங்க நின்றார்.

"அந்த நாளிலை கேக்கோடை வருவான், அண்ணை. பிறந்தநாள் எண்டு நினைச்சு இங்கை கூட்டிவந்து அர்ச்சனையும் செய்தனாங்கள். அண்டைக்கு என்ன நட்சத்திரமோ அதையே ஐயரிட்டைச் சொல்லுவம். எத்தினை வயசடா எண்டால் மட்டும் சிரிப்பான்."

கும்பிட்டுவிட்டு, மிலான் கேக் வாங்கிய கடைக்கு இறங்கினோம். கடை கைமாறியிருந்தது. இப்போது நடத்துபவர் ஒரு செக் பெண்மணி; மிலானைத் தெரியாது. தேதியைச் சொன்னதும் சுவர் நாட்காட்டியைக் காட்டினார். ஒவ்வொரு நாளிலும் ஒரு பெயர்.

"பிறந்தநாள் இல்லை, பெயர்நாள். அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் அன்று வாழ்த்து. வயதை யாரும் கேட்கமாட்டோம்."

மிலான் என்றால் அன்புக்குரியவன் என்று விளக்கினார். 'மில்' என்ற ஸ்லாவிய வேரிலிருந்து வந்தது. மிலோஸ்லாவ் போன்ற நீண்ட பெயர்களின் சுருக்கமாக இருந்து தனிப்பெயரானது. செக்காரர், ஸ்லோவாக்குகள் இரு சாராரிடமும் வழங்குவது.

"ஆனால் எங்களுக்கு மிலான் ஜூன் 18. நவம்பர் 27 ஸ்லோவாக்குகளுடையது. உங்கள் ஆள் செக்காரரே இல்லை! எட்டு வருடம் ஒரே வீட்டில் என்னதான் பேசினீர்கள்?"

"கிரிக்கெட் விளங்கப்படுத்தினனான்," என்றார் சிவலிங்கம் என்னிடம், தமிழில். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

செக்கோஸ்லோவாக்கியா ஜனவரியில் இரண்டானது; பிராக் செக் நாட்டின் தலைநகர், பிராட்டிஸ்லாவா ஸ்லோவாக்கியாவுடையது. எங்கள் கேள்வி தவறான தேதியோடு தவறான நாட்டுக்குப் போயிருந்தது.

போகிறவர்களுக்கு: மதியம் நடை சாத்துமுன் போய்விடுங்கள். ஏற்றத்தில் மழை பக்கவாட்டில் அடிக்கும், குடை உதவாது. உங்கள் மேலறையில் யாராவது இருந்தால், போகுமுன் அவருடைய ஊர்ப்பெயரைக் கேட்டுவையுங்கள்.

பிராட்டிஸ்லாவாவின் பதில் புதன்கிழமைக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. யாரும் வராவிட்டால் வியாழன் காலை கவுன்சில் அடக்கம் செய்துவிடும். பதிலும் வராவிட்டால், தங்கை அடுத்து அழைக்கும் நாள் நவம்பர் 27. தொலைபேசியை எடுக்கப்போகிறவர் சிவலிங்கம்.