வலது ஓரத்தில் இருந்த ஃபைல்

சின்னமனூரில் நானும் என் மனைவியும் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் டிசைன் செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தோம். கம்ப்யூட்டர் அவள் பொறுப்பு. பிரஸ்ஸுக்கு அலைவதும் வருகிறவர்களிடம் வாயடிப்பதும் என் பொறுப்பு. ஸ்கிரீனில் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். கல்யாணம், காதுகுத்து, திருவிழா ஃபைல்கள் எல்லாம் வலது பக்கம். இறந்தவர்களுடையது இடது பக்கம். நடுவில் அகலமாக ஓர் இடைவெளி.

“இங்கன நல்லது, அங்கன கெட்டது. நடுவுல ஒண்ணையும் கொண்டாந்து வைக்காதீக” என்பாள். கம்ப்யூட்டருக்கு ஏதடி தீட்டு என்று கேலி செய்வேன். முறைப்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் போனாள். அவளுக்கான போஸ்டரை நானே தட்டுத்தடுமாறிச் செய்தேன். முடித்துவிட்டு இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனவன் பாதியில் நிறுத்திவிட்டேன். மனசு வரவில்லை. வலது ஓரத்தில், மேலே, மகள் கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்தேன். தினமும் கடை திறந்ததும் முதல் வேலையாக அதைத் திறந்து அவள் முகத்தைப் பார்ப்பேன். மற்ற ஃபைல்களையும் பெயர் படித்துத் தேடியதில்லை. எது எங்கே என்று கைக்குத் தெரியும்.

போன மாதம், பழைய சிஸ்டத்துக்கு இனி அப்டேட் வராது என்று சொல்லி, தேனியிலிருந்து வந்த சர்வீஸ்காரர் புதியதைப் போட்டுவிட்டுப் போனார். திறந்து பார்த்தால் இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. யார் கேட்டார்கள் இதை? ஃபைல்கள் அத்தனையும் இடது பக்கம், திருவிழா பஸ் மாதிரி, கலந்து நெருக்கியடித்து நின்றன. போன் போட்டுக் கத்தினேன்.

“ஒண்ணும் அழியலண்ணே, எல்லாம் இருக்கு பாருங்க. பட்டனை வேணா பழையபடி ஓரத்துக்கு மாத்திரலாம். ஃபைல நீங்கதான் இழுத்து வைக்கணும்.”

எல்லாம் இருந்தது வாஸ்தவம்தான். அவள் வைத்த மாதிரி இல்லை. அவள் கை பட்டதில் எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒழுங்கு ஒன்றுதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை வீரபாண்டிப் பக்கமிருந்து ஒரு தம்பதி, மகள் கல்யாணப் பத்திரிகையின் டிசைனைப் பார்க்க வந்தார்கள். முதல் பத்திரிகை கௌமாரியம்மனுக்கு என்று அந்த அம்மா சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் அந்த நெரிசலில் தேடி, எதையோ அழுத்திவிட்டேன். ஸ்கிரீன் முழுக்க, கறுப்புக் கட்டத்துக்குள் என் மனைவி சிரித்தாள். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்து.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “என்னண்ணே, நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல மொத மொத இதக் காட்டுறீகளே!”

“இன்னொரு நாள் வாரோம்ணே” என்று கணவர் மெதுவாக எழுந்தார். பிறகு வரவேயில்லை.

அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த நாற்காலியில் என் மனைவி இருந்திருந்தால் அவளும் எழுந்துதான் போயிருப்பாள். ஆத்திரமெல்லாம் என் மேல்தான். ஊருக்கெல்லாம் அவள் காத்த சட்டத்தை அவளுக்காகவே மீறினேன். கடைசியில் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு அவளையே அபசகுனமாக்கிவிட்டேன்.

மதியம் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாக இழுத்து வைத்தேன். கல்யாணங்கள் வலது பக்கம், இறந்தவர்கள் இடது பக்கம், நடுவில் இடைவெளி. கடைசியில் அவளுடையது மட்டும் மிஞ்சியது. இடது பக்கம் கடைசியில் கொண்டுபோய் விட்டேன். அப்புறம் அழுதேன். அவளை எடுத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

ஸ்டார்ட் பட்டனை மாற்றச் சொல்லவில்லை. நடுவில் இருப்பது பழகிவிட்டது. ஆனால் காலையில் கடை திறந்ததும் கை இன்னும் வலது ஓரத்துக்குத்தான் போகிறது. அங்கே மகள் பத்திரிகை மட்டும் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்க்க இறந்தவர்கள் பக்கம் போகவேண்டியிருக்கிறது.