பவுலின் அடித்த ஐயாயிரத்து நாற்பது

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு பவுலின் ஹாட்ரெல் தன் வலைப்பதிவில் இரண்டே வரி எழுதினார்: "இன்றைக்கு அடிக்கப் போகிறேன். யாரும் போன் பண்ணாதீர்கள்."

அந்த வலைப்பதிவை வாசிக்கிற நாங்கள் இருநூறு பேரும் பதறிப்போனோம். பவுலின் சுருக்கமாக எழுதுகிற ஆளே இல்லை. எழுபத்திரண்டு வயது. பன்னிரண்டு வருடமாக, ஒரு நாள் விடாமல், காலைத் தேநீர் ஆறுவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடுவார். எண்பத்துநாலாம் நம்பர் பஸ் எத்தனை நிமிடம் தாமதம், பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தேழு வருடம் கஸ்டர்ட் கிளறிய காலத்தில் எந்தப் பையன் எதைத் தட்டுக்கடியில் ஒளித்தான், புருஷன் டெரிக் தோட்டத்துக் கொட்டகைக்குள் அப்படி என்னதான் செய்கிறார் என்று எல்லாம் வரும். எதில் ஆரம்பித்தாலும் மூன்றாவது பத்தியில் தேவாலய மணிக்கு வந்துவிடுவார். நியூசிலாந்திலிருந்து ஒருவர் தினமும் பின்னூட்டம் போடுவார், "கஸ்டர்ட் போதும், மணிக்கு வாங்க" என்று.

எங்கள் ஊர் மெல்லிங்ஃபீல்ட், சஃபோக் மாவட்டம். தேவாலய மணிக்கூண்டில் எட்டு மணி, ஆளுக்கு ஒரு கயிறு. பாட்டு, ராகம் ஒன்றும் கிடையாது. மணிகள் அடிக்கிற வரிசையை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். எட்டாவது, பெரிய மணி, எப்போதும் கடைசியில். அது என் கயிறு. பதட்டக்காரனுக்கு அதுதான் சரி என்று பதினோரு வருடத்துக்கு முன்பே முடிவுசெய்து கொடுத்துவிட்டார்கள். மற்ற ஏழும் இடம் மாறும். ஏழு மணியை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? ஐயாயிரத்து நாற்பது. அத்தனையையும் அடிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை. மூன்று மணி நேரம். கையில் காகிதம் கூடாது, ஆள் மாறக்கூடாது, தண்ணீரும் கழிப்பறையும் அப்புறம்தான். ஒரே ஒரு வரிசை இரண்டாம் தடவை வந்துவிட்டால் மொத்தமும் செல்லாது. இதற்குப் பெயர் பீல்.

எங்கள் கூண்டில் கயிறு பிடிக்கிற எல்லாரும் ஒரு பீலாவது அடித்தவர்கள், நான்கூட. முப்பத்தொரு வருடமாக அடிக்கிற பவுலினுக்கு மட்டும் அமையவே இல்லை. ஒன்பது முயற்சி. ஒரு தடவை இரண்டு மணி நேரம் ஐம்பது நிமிடத்தில் கயிறு அறுந்தது. இன்னொரு தடவை நாலாம் மணிக்காரருக்கு மூக்கில் ரத்தம். கூண்டுத் தலைவர் கிளைவ் பார்டன் கணக்கை விட்டுவிட்டு "நிறுத்து!" என்று கத்திய தடவைகளும் உண்டு.

இப்போது பவுலினுக்கு வலது தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. அக்டோபர் பதினாலாம் தேதி திங்கட்கிழமை செயற்கை மூட்டு வைக்கிறார்கள். "அதுக்கப்புறம் கயிறு இழுக்கிறத மறந்துடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் அந்த இரண்டு வரி.

நான் மருந்துக்கடைக்காரன். அன்று காலை அவருக்கு எத்தனை வலி மாத்திரை, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சந்தேகம் வந்து மறுபடி போன் செய்தேன்.

"போன் பண்ணாதேன்னு எழுதினேனே, படிக்கலியா?"

"படிச்சேன். ரெண்டாவது மாத்திரைய வெறும் வயித்துல..."

"பன்றிக்கறி பை ஒரு துண்டு தின்னாச்சு, ஷான். வெச்சிடு."

கூண்டில் எட்டுப் பேர் வட்டமாக நின்றோம். பவுலின் மூன்றாம் மணி. ஐந்தாவது, ஓய்வுபெற்ற பல் டாக்டர் ரால்ஃப். ஏழாவது, கிளைவ். அவர் அடித்துக்கொண்டே எங்கே திரும்ப வேண்டும் என்று குரல் கொடுப்பார்; யாராவது தடுமாறினால் அந்த நொடியே கத்தித் திருத்துவார். டிராக்டர் பழுது பார்த்தே குரல் வளர்ந்த மனிதர்.

"எல்லாரும் போயிட்டு வந்தாச்சா?"

"என்னைப் பாத்து ஏன்யா கேக்குறே?" என்றார் ரால்ஃப்.

"போன தடவ நீ ஆடின ஆட்டம் அப்படி."

கிளம்பியது. முதல் ஒரு மணி நேரம் மழை பெய்வதுபோல் சீராக இருந்தது. இரண்டாம் மணி நேரத்தில் பவுலினின் முகம் சிவந்தது, உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் ஆனபோது நான் மூச்சு விடவே பயந்தேன். கடைசியில் மணிகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தம் இயல்பான வரிசைக்கு வந்து விழுந்தன. "அவ்வளவுதான்!" என்றார் கிளைவ். எட்டு மணியும் நின்றன. பவுலின் கயிற்றைக் கட்டிவிட்டு, "டெரிக்!" என்று படிக்கட்டு அதிரக் கூப்பிட்டார். கீழே சாண்ட்விச்சுடன் காத்திருந்த டெரிக் மூன்று மணி நேரத்தில் பாதியைத் தின்று தீர்த்திருந்தார்.

அன்று மாலைக்குள் மணியடிப்பவர்களின் இணையதளத்தில் செய்தி ஏறியது. அதன் அடியில் சின்ன எழுத்தில், வழக்கப்படி: "முதல் பீல்: மூன்றாம் மணி." பவுலினின் பதிவுக்குத் தொண்ணூற்று நாலு பின்னூட்டம். நியூசிலாந்துக்காரர் பெரிய எழுத்தில் கத்தியிருந்தார்.

திங்கட்கிழமை மதியம் கடைக்குப் போன் வந்தது. "ஷான், மத்தியானச் சாப்பாட்டு நேரந்தானே? ஓடி வா."

மாத்திரைதான் ஏதோ செய்துவிட்டது என்று வெள்ளைக் கோட்டோடு ஓடினேன். பவுலின் சமையலறை மேசையில் காதில் ஹெட்போனும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். வலைப்பதிவில் போடுவதற்காக அன்று கல்லறைத் தோட்டத்தில் ஒரு பதிவுக் கருவியை வைத்திருக்கிறார். அதைக் கேட்டுக் கேட்டு எழுதிய எண்கள் நாலு தாளில் இருந்தன.

"இதப் படி."

4 2 6 1 7 3 5. கடைசியில் என் 8.

"இப்ப இத."

4 2 6 1 7 3 5. 8.

"முதல் வரிசை நாப்பதாவது நிமிஷத்துல அடிச்சது. ரெண்டாவது, ரெண்டு மணி நேரம் தாண்டிப் பதினோராவது நிமிஷத்துல."

இரண்டு வரிசையையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். "ஒலிப்பதிவுல ஏதாவது கோளாறு..."

"கோளாறு நான். ரால்ஃபைத் தாண்டிப் போக வேண்டிய இடத்துல நான் தாண்டல. என் வழியில அவன் போயிட்டான், அவன் வழியில நான் போயிட்டேன். நாப்பத்திரண்டு வரிசைக்கு அப்புறம் மறுபடி இடிச்சு, அவங்கவங்க வழிக்கு வந்துட்டோம்."

"வேற யாருக்கும் தெரியாதே?"

கேட்டவுடனே கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. பீலுக்கு நடுவர் கிடையாது. யாரும் சரிபார்க்க மாட்டார்கள். அடித்த எட்டுப் பேர் சரி என்றால் சரி, அவ்வளவுதான். அதனாலேயே அதில் பொய் சொல்ல முடியாது.

பவுலின் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எனக்குத் தெரியுமே."

அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் கடையை மறந்து பின்னால் போனேன். கிளைவ் வீட்டு வாசலில் புல் வெட்டும் எந்திரத்தைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். தாளை அவர் மடியில் வைத்தார் பவுலின்.

கிளைவ் பார்த்தார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடி துடைத்தார்.

"கிளைவ், உனக்கு இது புதுசு மாதிரி தெரியலயே."

கிளைவ் துணியை மடித்து முழங்காலில் வைத்தார்.

"அன்னிக்கே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் கிளைவ்.

"கேட்டுச்சா! கேட்டுட்டுச் சும்மா இருந்தியா?"

"நான் கவனிக்கிறதுக்குள்ள பத்து வரிசை போயிருச்சும்மா. அப்ப நிறுத்தியிருக்கணும். வாயத் தொறந்தேன். உன் மூஞ்சியப் பாத்தேன். அந்தத் தோள வெச்சுக்கிட்டு... ரெண்டு மணி நேரம்... சரி, போகட்டும்னு விட்டுட்டேன்."

"முப்பத்தொரு வருஷமா ஊரே கேக்கற மாதிரி என்னத் திட்டினே. கல்யாண மணி அடிக்கறப்ப மாப்பிள்ளை முன்னாடி திட்டினே. அப்பல்லாம் நான் அழுதேனா?"

"இல்ல."

"இப்ப மட்டும் எதுக்குய்யா இரக்கம்? யாரு கேட்டா?"

கிளைவ் தலையைத் தொங்கப் போட்டார். அவர் தலை தொங்கி நான் பார்த்ததில்லை. "நாந்தான் தப்பு, பவுலின். செய்திய நானே எடுத்துடறேன்."

"நீ எடு. என் பக்கத்துல நான் எழுதிக்கிறேன்."

செவ்வாய் காலை எழுதினார். "நான் அடித்தது பீல் இல்லை" என்று தலைப்பு. கிளைவ் வாய் திறக்காததைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தாண்டாத இடம், நாற்பத்திரண்டு வரிசை, தன் தவறு என்று மட்டும் இருந்தது. தொண்ணூற்று நாலு வாழ்த்துக்கும் தனித்தனியாக நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தார், கடையில் துணியைத் திருப்பிக் கொடுப்பதுபோல. கடைசி வரி: "பதினாலாம் தேதிக்கு முன்னால் இன்னும் ஒரு சனிக்கிழமையாவது கேட்டுப் பார்க்கிறேன்."

ஐந்தாம் தேதி தேவாலயத்தில் கல்யாணம். மிச்சம் பன்னிரண்டாம் தேதி மட்டும். எட்டுப் பேரும் வர வேண்டும். ரால்ஃப் ஸ்காட்லாந்துக்கு மீன் பிடிக்கப் போவதாக இருந்தார்.

"அந்த நாப்பத்திரண்டுல பாதி நீயும்தான்" என்றார் பவுலின்.

"நானா? நான் சரியான வழியிலதான் போனேன்!"

"என் வழியில போனே. வரியா, இல்ல அதையும் எழுதட்டுமா?"

மீனுக்கு ஆயுள் கெட்டி. ரால்ஃப் வந்தார்.

பன்னிரண்டாம் தேதி வெளியே பார்த்தால் ஆச்சரியம். வலைப்பதிவை வாசிக்கிறவர்கள் முப்பது பேர் மடக்கு நாற்காலியும் தெர்மாஸ் குடுவையுமாகக் கல்லறைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். டெரிக் இந்த முறை இரண்டு மடங்கு சாண்ட்விச் செய்திருந்தார்.

கயிற்றைத் தொடுமுன் பவுலின் கிளைவிடம் போய் நின்றார். "கத்துவியா?"

"கத்தறேன்."

"சத்தியமா?"

"அட, போம்மா, போய் நில்லு!"

ஒரு மணி நேரம். ஒன்றரை. என் எட்டாம் மணி என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது. கடைசியிலேயே அடிக்கிறவனுக்கு முன்னால் நடக்கிற ஏழும் தெரியும். அதுதான் என் கொடுமை. இரண்டு மணி நேரம் தாண்டியதும் பவுலினின் வலது கை ஏறுவதில் ஒரு விரல் அளவு குறைந்தது. இடது கை இழுத்து ஈடு கட்டியது. நான் மாத்திரையை எண்ணினேன், வரிசையை எண்ணினேன், இரண்டும் குழம்பியது.

இரண்டரை மணி நேரம் ஆன பிறகு, ரால்ஃபைத் தாண்ட வேண்டிய அதே மாதிரி ஓர் இடம். பவுலினின் கண் ஒரு நொடி தோளுக்குப் போனது. கயிறு தாமதித்தது. மூன்றும் ஐந்தும் ஒன்றாக மோதி "டங்" என்றன.

"அஞ்சத் தாண்டு! அஞ்சத் தாண்டுடி! கண்ண எங்கடி வெச்சிருக்கே!"

கூண்டுக் கண்ணாடி அதிர்ந்தது. கீழே நாற்காலி ஒன்று சரிந்த சத்தம் கேட்டது. பவுலின் முழு உடம்பையும் கொடுத்து இழுத்தார். மூன்றாம் மணி ரால்ஃபுக்கு முன்னால் வந்து விழுந்தது. அடுத்த வரிசை சரி. அதற்கடுத்ததும் சரி. கிளைவ் விடவில்லை. "பாத்து! இப்ப நாலு! ஆமா! இப்ப ரெண்டு! தூங்காதே! நல்லாருக்கு, நல்லாருக்கு, கெடுத்துடாதே!" பதினைந்து நிமிடம் அந்த மனிதர் தன் மணியையும் அடித்துக்கொண்டு இடைவிடாமல் வைதார். பவுலின் முகத்தில் சிரிப்பு பரவிக்கொண்டே போனது. வலியில் கண்ணீர் வழிந்தது, சிரிப்பு குறையவில்லை. ரால்ஃப் இதைப் பார்த்துத் தானும் சிரிக்க ஆரம்பித்து, "நீ ஏன்யா இளிக்கிறே!" என்று அவருக்கும் ஒன்று விழுந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. என் எட்டு.

"அவ்வளவுதான்!"

மணிகள் நின்றன. கிளைவ் கண்ணை மூடி நின்றார், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்பவர்போல. எங்கள் ஏழு பேர் கண்ணும் அவர் மேல். ஒரு நிமிடம் இருக்கும். எனக்கு ஒரு வாரம்.

"அந்த ஒரு இடி இருக்கு" என்றார். "உடனே திரும்பிருச்சு. ஒரு வரிசையும் ரெண்டு தடவ வரல. சுத்தம்."

"உன் சத்தியமா?"

"என் சத்தியமா."

"எட்டுப் பேரும் சொல்லணும்."

சொன்னோம். ரால்ஃப் சொன்னார். நான் சொன்னபோது என் குரல் கிறீச்சிட்டது.

பவுலின் இடது கையால் கிளைவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஓசை கேட்க முத்தமிட்டார். "கண்ண எங்கடி வெச்சிருக்கேன்னு கேட்டியே. தேவாலயத்துக்குள்ள!"

"தெரியாம வந்துருச்சும்மா. மன்னிச்சுக்க."

"மன்னிக்கிறதா? தலைப்பே அதுதான்" என்று பவுலின் போனை எடுத்தார். வலது கை எழவில்லை. இடது கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தத் தொடங்கினார். கீழேயிருந்து முப்பது பேரும், "ஆச்சா? ஆச்சா?" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"இருங்கடா! எழுதிட்டு வரேன்!" என்றார் பவுலின்.