அசரியாவின் வலது முழங்கை

அசரியா பந்து வீசி நான் பார்த்தது மொத்தம் நாலு ஓவர்தான். அதற்குள் அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன்.

1964. தாம்பரத்தில் ஒரு லீக் ஆட்டம். அசரியா பல்லாவரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தினக்கூலி, வயது இருபத்திரண்டு. தன் கம்பெனி டீமுக்கு ஆள் பிடிக்க வந்த ஒரு மேனேஜர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் நிரந்தர வேலை. நான் அம்பயர். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். கர்வத்துக்குக் கேட்க வேண்டுமா?

இரண்டு விக்கெட் எடுத்துவிட்டான். ஆனால் பக்கவாட்டில் நின்ற என் கண்ணை அவன் வலது முழங்கை உறுத்தியது. மடங்கி வந்த கை, பந்தை விடும்போது நீள்வதுபோல் தெரிந்தது. “நோ-பால்!” என்று கத்தினேன். அடுத்ததும் நோ-பால். மூன்றாவதும்.

ஓடி வந்தான். “இன்னா சார் தப்பு?”

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அத்தனை பேர் முன்னால் பாடம் எடுத்தேன். “நான் சயின்ஸ் வாத்தியார், சொல்றேன் கேளு. முழங்கை கீல் மூட்டுப்பா. கதவு மாதிரி மடங்கும், நீளும், அவ்வளவுதான். தோள் பந்துக் கிண்ண மூட்டு, எல்லாப் பக்கமும் சுத்தும். பௌலிங்னா தோள்தான் சுத்தணும், முழங்கை நீளக் கூடாது. உனக்கு நீளுது. நீ எறியறே.”

அவன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பந்தை கேப்டனிடம் கொடுத்துவிட்டு பவுண்டரி ஓரமாகப் போய் நின்றான். மேனேஜர் டீக்கு முன்பே கிளம்பிவிட்டார். நான் வீட்டில் என் மனைவி காமுவிடம் இதைப் பெருமையாக வேறு சொன்னேன்.

1973. மின்சார ரயிலில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் ஒருவன் மேல்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து நின்றான். இடது கை நேராக இருந்தது. வலது மடங்கியே இருந்தது. வண்டி குலுக்கிய குலுக்கலில்கூட அது நீளவில்லை. முகத்தைப் பார்த்தேன். அசரியா. இன்னமும் அதே ஒர்க்‌ஷாப், அதே தினக்கூலி.

“கைக்கு என்னப்பா?”

“சின்ன வயசுல மரத்துலேர்ந்து வுழுந்தேன் சார். எலும்பு கோணலா சேந்துகிச்சு. அப்பலேர்ந்து நீட்ட வராது.”

நீட்டவே வராத கை எப்படி எறியும்? அன்று சுழன்றது தோள்தான். கோணல் கை அதோடு திரும்பியதைப் பார்த்து, நீள்கிறது என்று நினைத்துவிட்டேன். தோள் செய்ததை முழங்கை தலையில் கட்டியிருக்கிறேன். அன்றைக்கே அந்தக் கையைப் பிடித்து நீட்டிப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

“அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க சயின்ஸ் வாத்தியாரு சார். எனக்கே தெரியாம நீளுது போலன்னு நெனச்சிக்கினேன். அதுக்கப்புறம் பந்தத் தொடல. சர்ச்சுப் பசங்க கூப்டாக்கூட போறதில்ல. ஏமாத்தி ஆடறவன் எதுக்கு சார் போவணும்?”

தாம்பரத்தில் இறங்கியதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். “நீ எறியலப்பா. நான்தான் தப்பாப் பார்த்துட்டேன். என்னை மன்னிச்சுடு.”

அன்று போலவே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நெசமாவா சார்? அப்போ நான் எறியலியா?”

பிளாட்பாரத்தில் நின்று அதையே மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் “நீ எறியலப்பா” என்றேன், அழுதுகொண்டே.