தம்பி இலையில் இருந்த ஜாங்கிரி

என் தம்பி திருவெண்ணெய்நல்லூர் பக்கம் கரும்பு வைத்திருக்கிறான். விடிந்தால் கழனி, இருட்டினால் வீடு. உடம்பு மூங்கில் கழி. நான் விழுப்புரத்தில் ஃபேன் கடை வைத்து, ஓடுகிற ஃபேனுக்குக் கீழே ஓடாமல் உட்கார்ந்திருப்பவன். என் வயிறு எனக்கு முன்னால் கல்லாவுக்குப் போய்விடும். இதில் சர்க்கரை நோய் வந்தது அவனுக்கு.

காரணம் வாய்க்கட்டு இல்லாததுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், வாயில் பஜ்ஜியோடு.

திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தி தாமதமானது. தம்பியோ காலையிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, பந்தியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றோடு வந்திருந்தான். இலையில் ஜாங்கிரி விழுந்ததும் கை நீட்டினான். கை நடுங்கியது. ஆசையில் நடுங்குகிறது என்று கண்டுபிடித்த மேதை நான்.

"பாருங்கய்யா, சுகரு பார்ட்டி கை எங்க போவுதுன்னு!" என்று பந்திக்கே கேட்கும்படி கத்தி, அதைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லண்ணா, ஒரு மாதிரியா..." என்றவன், சட்டை வேர்வையில் நனைய என் தோளில் சாய்ந்தான்.

தம்பி மனைவி ஓடிவந்து சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்தாள்.

"சுகரு எறங்கிப் போச்சு மாமா! அவரு இலையிலேந்து போயி புடுங்கித் துன்றீங்களே!"

அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றுதான். ஜாங்கிரியில் பாதி இன்னும் என் வாயில். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பக்கத்துக் கிளினிக்கில் அவன் தெளிந்ததும், டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வாயக் கட்டுனா செரியாப் பூடும் இல்லீங்களா?"

அவர் என் விரலிலும் ஒரு குத்து குத்திப் பார்த்தார்.

"உங்களுக்கு நார்மல்ங்க. வீட்ல யாருக்காவது இருந்துச்சா?"

"எங்கப்பாவுக்கு."

"ஒரே அப்பா அம்மா பெத்தாலும் மரபணு ஆளாளுக்கு மாறி வரும். ஒரு ஜீன் இல்ல, சின்னச் சின்னதா நெறைய. இவருக்கு அது அதிகமா சேந்திருக்கலாம், உங்களுக்குக் கொறவா வந்திருக்கலாம். சாப்பாடும் முக்கியந்தான். ஆனா ரெண்டு பேரும் ஒரே எடத்துலேந்து கெளம்பலைங்க."

"அப்ப எனக்கு வராதது நான் ஒழுங்கா இருந்ததால இல்லியா?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "இன்னிக்கு நார்மல்னா நாளைக்கும் அப்பிடியே இருக்கும்னு இல்லீங்க" என்றார்.

நார்மல் என்று கேட்டுக் கூனிக் குறுகியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கட்டிலில் படுத்திருந்த தம்பி சொன்னான்: "நல்லதாப் போச்சுண்ணா. ஒனக்காவது இல்லியே."

திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு ஜோக் அடித்திருப்பேன்.

போன மாதம் வளவனூரில் ஒரு கல்யாணம். தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வாண்ணா" என்று நகர்ந்து இடம் கொடுத்தான். ஜாங்கிரி வந்தது. அவன் அதைத் தொடப்போவதில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் அவனுடைய இடது கை தானாக வந்து இலை ஓரத்தை மறைத்துக்கொண்டது.

நான் என் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன்.