241617-க்கு உரியவன்

திர்சா டக்மோரை அடக்கம் செய்த அன்று, எங்கள் சேப்பலுக்குப் புதிதாக வந்திருந்த இளம் போதகர் என்னை ஓரமாக அழைத்தார்.

"முன் வரிசையில உக்காந்து தேம்பித் தேம்பி அழறாரே ஒரு ஒத்தக்கால்காரர், அவர் அவங்க மகனாம்மா?"

"இல்லீங்க."

"பின்னே, சொந்தமா?"

"அவங்க மகனுக்கும் அவருக்கும் நம்பர் ஒண்ணு," என்றேன்.

அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டது. கிழவிக்குத் துக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருக்கும். பிரசங்கத்தில் திர்சாவைப் பொறுமையின் வடிவம் என்று வேறு சொல்லிவைத்தார். பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது! வாயைத் திறந்தாளானால் கால்வாய்ப் படகுக்காரனே காதைப் பொத்திக்கொள்வான். அவளுடைய பட்டறைப் பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். போதகருக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

பர்மிங்ஹாமில் எங்கள் பட்டறை, 1914-ல் வந்த பெரிய போருக்கு முன்பு, உடையில் குத்தும் ப்ரூச்சும் மோதிரமும் செய்தது. போர் வந்தபின் ப்ரூச்சை யார் கேட்டார்கள்? வெள்ளி பேட்ஜ் செய்ய ஆரம்பித்தோம். காயத்தாலோ நோயாலோ இனிப் படைக்கு ஆகாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த பேட்ஜ் அது. கோட்டில் வலது பக்கம் குத்திக்கொள்ள வேண்டும். குத்தாமல் தெருவில் இறங்கினால் எவளாவது ஒரு சீமாட்டி வந்து கையில் வெள்ளை இறகைத் திணித்துக் கோழைப் பயலே என்பாள். விஷப்புகையில் நுரையீரல் வெந்து திரும்பியவன் கையிலும் திணித்தார்கள், பாவிகள். அந்த இறகுக்காரிகளைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நல்ல வார்த்தை வராது, விடுங்கள்.

ஒவ்வொரு பேட்ஜின் முதுகிலும் ஓர் எண் உண்டு. ஓர் எண்ணுக்கு ஓர் ஆள்தான். தொலைத்தவனுக்கு வேறொன்று தரமாட்டார்கள். ஆனால் யாராவது கண்டெடுத்துப் போலீசில் கொடுத்தால் அது லண்டனுக்குப் போகும். அங்கே எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்து அவன் கைக்கே அனுப்பிவைப்பார்கள்.

நான் பேட்ஜின் முதுகில் குத்தூசியைப் பற்றவைத்து, அடுத்த எண்ணைச் சொல்லிக்கொண்டே பேட்ஜை அவள் பக்கம் தள்ளுவேன். திர்சா எண் உளிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு. இரண்டாவது தட்டு கிடையாது. ஏழு மட்டும் அவள் கையில் எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே விழும். மேஸ்திரி கிராடக் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டார்.

அவளுக்கு ஒரே மகன், ஹோரஸ். சேப்பல் வாத்தியக் குழுவில் கார்னெட் ஊதுவான். பிரான்சில் இருந்தான். எங்கள் பெஞ்சில் எல்லாருக்கும் அங்கே யாராவது ஒருவர் இருந்தார்கள். எனக்கு என் தம்பி. அதனால் சாப்பாட்டு வேளையில் கொழுப்பு தடவிய ரொட்டியைக் கடித்துக்கொண்டே நாங்கள் ஒரு பேரம் பேசுவோம். வெளியாள் கேட்டால் பேய்கள் என்பார்கள். எங்கள் ஆள் பேட்ஜோடு வீடு திரும்ப வேண்டும் என்றால் அவன் உடம்பில் எதைக் கொடுக்கலாம்?

"என் தம்பிக்கு ஒரு காது," என்பேன் நான். "எப்படியும் அவன் யார் பேச்சையும் கேக்கிறதில்ல."

திர்சாதான் கறாரான வியாபாரி. "இடது கை சுண்டுவிரல் தர்றேன். வேணும்னா பக்கத்து விரலும். வலது கையில தொடக்கூடாது, கார்னெட் வாசிக்கணும்."

"ரெண்டு விரலுக்கெல்லாம் பட்டாளத்துலேர்ந்து விடமாட்டான்டி."

"சரி, இடது பாதம்."

சோம் சண்டையில் செத்தவர்களின் பட்டியல்கள் வந்த வருடம் பாதம் என்பது காலாக உயர்ந்தது. "இடது கால். முட்டிக்குக் கீழதான். அதுக்கு மேல ஒரு அங்குலம் குடுக்க மாட்டேன். முட்டி இருந்தாத்தான் கட்டைக்கால் சரியா நிக்கும், விசாரிச்சிட்டேன்," என்றாள். நாங்கள் சிரித்தோம். சத்தியமாகச் சிரித்தோம்.

பதினேழாம் வருடத்து இலையுதிர் காலத்தில் ஹோரஸைக் காணவில்லை என்று தகவல் வந்தது. இறந்தான் என்று இல்லை, காணவில்லை. அந்த ஒரு சொல் மனுஷியை என்ன பாடு படுத்தும் என்று எழுதியவனுக்குத் தெரியாது. திர்சா ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. பேரம் பேசுவது மட்டும் நின்றது. ஒரே ஒரு தடவை, யாரும் கேட்காமலே, "ரெண்டு கண்ணும் எடுத்துக்கட்டும், நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன்," என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் நான் எண்ணைச் சொன்னேன், அவள் அடித்தாள். மாலையில் கிராடக் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு சரிபார்த்து வந்தவர் ஒரு பேட்ஜைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன நம்பர்? 241617. நம்ம பட்டறைக்குக் குடுத்த வரிசையிலயே இது இல்லியே!"

எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அது ஹோரஸின் படை எண். வாரம் தவறாமல் பொட்டலம் கட்டி, கேக்கும் காலுறையும் வைத்து, மேலே அவள் எழுதிய எண். மனசு எங்கோ இருக்க, கை தனக்குத் தெரிந்த எண்ணை அடித்துவிட்டது.

"மூசையில போடு," என்றார் கிராடக். பிசகின பேட்ஜெல்லாம் அந்த உருக்குப் பாத்திரத்தில் உருகி மறுபடி தகடாகும். அதுதான் வழக்கம்.

திர்சா பேட்ஜைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "மாட்டேன்."

"என்ன மாட்டேன்? வெளிய போனா அது கள்ள பேட்ஜ். நீ ஜெயிலுக்குப் போவ, நான் உனக்கு முன்னாடி போவேன். எடு இப்படி!"

"மேஸ்திரி, அவன் நம்பரை நானே நெருப்புல போடணுமா? பெத்தவ நானே போடணுமா?"

கிராடக் கல்நெஞ்சக்காரர் என்று பெயரெடுத்தவர். காலையில் நிறுத்துக் கொடுத்த வெள்ளியை மாலையில் நிறுத்து வாங்குவார். நாங்கள் கை கழுவிய தண்ணீரைக்கூட வெள்ளித் தூளுக்காக வடிகட்டாமல் விடமாட்டார். "என் தராசுக்குக் கண்ணீர் தெரியாது. ஒரு பேட்ஜ் எடை குறையுது, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்," என்றார்.

திர்சா கழுத்தடியிலிருந்த ப்ரூச்சைக் கழற்றினாள். செத்துப்போன புருஷன் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளி ப்ரூச். தராசுத் தட்டில் வைத்தாள். பேட்ஜைவிடக் கனமாகவே இருந்தது. கிராடக் முள்ளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மூக்கைச் சிந்தினார். "கணக்கு சரியா இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த பேட்ஜ் அவள் ரவிக்கையின் உட்பக்கம் இருந்தது. வேலைக்கு நடுவே அடிக்கடி அந்த இடத்தைத் தொட்டுக்கொள்வாள்.

அதையும் தொலைத்தாள். வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை சந்தைக்கு டிராமில் போய்த் திரும்பியவளின் ரவிக்கையில் ஊசி பட்ட துளை மட்டும்தான் இருந்தது. டிராம் கொட்டகை, சந்தை, சாக்கடை என்று இரண்டு பேரும் தேடாத இடமில்லை. கடைசியில் போலீஸ் நிலையத்துக்குப் போனோம்.

"ஆமா, ஒண்ணு வந்துச்சு," என்றார் சார்ஜன்ட். "லண்டனுக்கு அனுப்பியாச்சு. நம்பருக்கு உரியவன் யாருன்னு அவங்க பாத்து, அவன் கையில சேத்துருவாங்க. நீ கவலைப்படாதம்மா."

நியாயமாகப் பார்த்தால் திர்சா அங்கேயே உடைந்திருக்க வேண்டும். அவள் முகமோ பளிச்சென்று ஆகிவிட்டது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"கேட்டியா பெர்த்தா? தேடுவாங்களாம். நான் எழுதிக் கேட்டப்பல்லாம் தெரியாதுன்னாங்க. இப்ப நம்பரை வெச்சுத் தேடித்தானே ஆகணும்! எந்த ஆஸ்பத்திரியில பேர் மறந்து கெடந்தாலும் நம்பரப் புடிச்சுக்கிட்டுப் போய் நிப்பாங்கல்ல?"

"அடியே, அது படை நம்பர். பேட்ஜ் நம்பர் வேற. அந்த நம்பர்ல வேற எவனாச்சும் இருப்பான்டி."

"உன் வாயில கரி!" என்று சீறினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் அதற்குமேல் சொல்லவில்லை. பசித்தவள் தட்டைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அவள் காத்திருந்தாள். ஹோரஸின் கார்னெட்டை எடுத்துத் துடைத்து எண்ணெய் விட்டாள். அவன் செருப்பைக் கணப்பு ஓரத்தில் வைத்தாள். சனிக்கிழமைதோறும் சார்ஜன்ட் முன்னால் போய் நின்றாள். "வருவான்டி. கையில பேட்ஜோட வந்து, இதென்னம்மா கூத்து, ஏழு இப்படிக் கோணலா இருக்குன்னு கேப்பான்," என்பாள். அதைக் கேட்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், கொஞ்சம் நம்பவும் நம்பினேன். அந்த ஆசை தொற்றுநோய் மாதிரி பெஞ்சு முழுக்கப் பரவியிருந்தது. பட்டறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாத் தலையும் திரும்பும்.

கோடையில் ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கதவு திறந்தது. கிராடக்கின் குரல் முற்றத்திலிருந்து வந்தது, வழக்கமில்லாத குரல். "திர்சா! உன் பேட்ஜக் கொண்டுகிட்டு ஒரு ஆள் வந்திருக்கான்!"

ரொட்டி ஒரு பக்கம், தேநீர்க் கோப்பை ஒரு பக்கம் பறக்க அவள் ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "ஹோரஸ்" என்று கத்திக்கொண்டே போனாள்.

முற்றத்தில் வெயிலில், கோல் ஊன்றி, ஒற்றைக் காலோடு ஓர் இளைஞன் நின்றான். செம்பட்டை முடி, காது இரண்டும் விடைத்துக்கொண்டு. ஹோரஸ் கறுத்த முடிக்காரன். அவள் அவனுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டாள். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஏப்ரனில் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் தொப்பியைக் கழற்றினான். "சைலஸ் யார்ட்லிங்க. பக்கத்து ஊர் டட்லிக்காரன். நான் தொலைக்கவே இல்ல, என் பேட்ஜ் இதோ கோட்டுலதான் இருக்கு. ஆனா லண்டன்லேர்ந்து இன்னொண்ணு வந்துச்சு, தொலைச்சதைக் கண்டெடுத்தோம்னு. பாத்தா அதே நம்பர்! எங்கம்மா பயந்துபோச்சு. ஒரு காலத்தான் தொலைச்ச, இப்ப ஆளே ரெண்டா ஆயிட்டியான்னு கேட்டுது. இங்க எந்த போலீஸ் ஸ்டேஷன்ல கிடைச்சுதுன்னு எழுதியிருந்தாங்க, அங்க போய்க் கேட்டேன். சார்ஜன்ட்தான், வாரா வாரம் வந்து உசிர வாங்குற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்கள்ட்ட போன்னாரு."

கோட்டிலிருந்ததையும் கழற்றி, இரண்டையும் உள்ளங்கையில் முதுகு தெரிய வைத்து நீட்டினான். 241617, 241617. ஒன்றில் ஏழு நேராக நின்றது. இன்னொன்றில் சாய்ந்திருந்தது.

திர்சா பேட்ஜைப் பார்க்கவில்லை. மடித்துக் குத்தியிருந்த கால்சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கால்?"

அவன் குழம்பினான். தெரிகிறதே! "இடதுங்க."

"எது வரைக்கும்?"

"முட்டிக்கு மேல, அம்மா. நல்லா மேல."

அவள் என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"முட்டிக்கு மேல, பெர்த்தா," என்றாள். "நான் முட்டிக்குக் கீழதான் தருவேன்னு சொன்னேன். ஒரு அங்குலம் குடுக்க மாட்டேன்னு அடம் புடிச்சேன். இவங்கம்மா குடுத்திருக்கா. அவ பேரம் பேசல."

"பைத்தியக்காரி, அது அப்படி இல்லடி..." என்று ஆரம்பித்தேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நல்ல வளர்ப்பு. கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் தோளைத் தொட்டான். "நீங்களே வெச்சுக்குங்கம்மா. நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு எதுக்கு ரெண்டு?"

திர்சா ஏழு சாய்ந்திருந்த பேட்ஜை எடுத்துக்கொண்டாள். விரலால் எண்ணை ஒரு முறை தடவினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இல்லை என்றான். "நிக்காத, அந்தப் படியில உக்காரு. என் ரொட்டி இருக்கு, எவ எடுத்துத் தின்னாளோ பாக்குறேன்." அப்படித்தான் ஆரம்பித்தது. அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் அவன் டட்லியிலிருந்து அவள் வீட்டுக்குத் தேநீருக்கு வந்துகொண்டிருந்தான், அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான்.

அவன் படியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும்போதே அவள் உள்ளே போனாள். கிராடக் மூசைக்குப் பக்கத்தில் நின்றார். தரையைப் பார்த்தபடி, "இப்பவே வேணாம் திர்சா, அவசரமில்ல," என்றார். கல்நெஞ்சக்காரர்!

"இல்ல மேஸ்திரி. உருக்கிடுங்க," என்று அவர் கையில் வைத்தாள். "அந்த நம்பருக்கு ஆள் வந்தாச்சு."

உருகி முடியும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து, சுத்தியலைக் கையில் எடுத்தாள்.

"அடுத்த நம்பர் என்னடி?"

சொன்னேன். பேட்ஜை அவள் பக்கம் தள்ளினேன். ஒரே தட்டில் அடித்தாள்.