அடுத்தவர் வீட்டு அலமாரிகள்

அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பதுதான் என் தொழில்.

மைசூரில் ஒரு மருத்துவமனையின் ஆவண அறையில் பதினாறு வருஷம் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனதும் அடுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. தெரிந்த ஒருவர் வீட்டு ஸ்டோர் ரூமை ஒழுங்கு செய்து கொடுத்தேன். அவர் தன் தங்கையிடம் சொன்னார், தங்கை அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். இப்போது வாரத்துக்கு மூன்று வீடு பார்க்கிறோம். 'பார்க்கிறோம்' என்றால் நானும் மஞ்சுளாவும். மஞ்சுளா அதே மருத்துவமனையில் என்னோடு இருந்தவள். நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் வருவாள். நான் யோசித்து முடிப்பதற்குள் மூட்டையைக் கட்டி வாசலில் வைத்துவிடுவாள்.

போனில் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் மன்னிப்புக் கேட்கிறார்கள். தங்கள் வீட்டைப் போல மோசமான வீட்டை நான் பார்த்திருக்கவே மாட்டேன் என்கிறார்கள். பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் திறந்தால் தலையில் விழுகிற பரண் ஒன்று இருக்கும். வெட்கப்படாதீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

முப்பத்தாறு டப்பாக்கள்

விஜயநகரில் ஓர் இளம் தம்பதி. இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. மனைவிக்கு ஏழாவது மாதம். குழந்தை வருவதற்குள் ஓர் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அறைக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. உள்ளே முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தவை மூடி போட்ட புது பிளாஸ்டிக் டப்பாக்கள், மொத்தம் முப்பத்தாறு. வீட்டை ஒழுங்கு செய்ய முடிவெடுத்த அன்றே அந்தப் பையன் வாங்கிப் போட்டதாம். அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். டப்பா கடைசியில்தான் வாங்க வேண்டும். முதலில் வேண்டாததை வெளியே அனுப்பிவிட்டு, மிச்சத்தை அளந்து பார்க்க வேண்டும். எந்த சாதனத்தினுடையது என்று தெரியாத ஒயர்கள், பழைய ஆபீஸ் பைகள், கல்யாணத்துக்கு வந்த ஏழு சுவர்க் கடிகாரங்கள் என்று எல்லாம் போன பிறகு ஒன்பது டப்பாக்கள் போதுமாக இருந்தன. மற்றவை பக்கத்து அங்கன்வாடிக்குப் போயின. சாயங்காலம் அந்தப் பெண் காலியான தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்த வீட்டுல கால் நீட்டி உட்கார்ந்து எத்தனை மாசமாச்சு தெரியுமா மேடம்? உள்ளே இருக்கறதும் இப்பதான் கால் நீட்டுது."

பெயர் வெட்டிய தூக்கு

சரோஜா அக்கா கொள்ளேகால்காரர். குவெம்புநகரில் வீடு. பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள், பரணில் இருக்கிற பாத்திரங்களை இறக்கிப் பிரித்துக் கொடுங்கள் என்று கூப்பிட்டார். பாத்திரம் என்றால் நாங்கள் மூன்றாகப் பிரிப்போம்: வீட்டில் இருப்பது, வெளியே போவது, அடுத்தவருடையது. மூன்றாவது குவியல் இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. அந்தக் குவியலை மட்டும் அன்றைக்கே உரியவரிடம் சேர்த்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளினால் அது பத்து வருஷமாகிவிடும்.

அக்கா வீட்டு மூன்றாவது குவியலில் ஒரே ஒரு எவர்சில்வர் தூக்கு. அடியில் 'சாவித்திரி' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சாவித்திரி எதிர் வீட்டு அம்மா. அக்காவின் மகன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது ஒரு மாதம் தினமும் கஞ்சி காய்ச்சி அனுப்பியவர். காலிப் பாத்திரங்களை அக்கா ரத்னா என்கிற பெண்ணின் கையில் திருப்பி அனுப்புவார். இரண்டு வீட்டிலும் ரத்னாதான் வேலை செய்தாள். அதற்குப் பிறகு சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று இரண்டு வீட்டுக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோனது. பன்னிரண்டு வருஷமாயிற்று. நீங்களே கொடுத்துட்டு வந்துருங்க மேடம் என்றார் அக்கா. தூக்கை நான் எடுத்துவருகிறேன், கூட நீங்கள் வாருங்கள் என்றேன்.

சாவித்திரி அம்மா கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். நான்தான் தூக்கை நீட்டினேன். அவர் அதை வாங்கித் திருப்பி, அடியில் இருந்த பெயரை விரலால் தடவினார். அவருடைய அம்மா கொடுத்த சீர் அது என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளே வாங்க என்று கூப்பிட்டார். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

"இதைக் காணோம்னுதான் ரத்னாவை வேலையை விட்டு நிறுத்தினேன். அவ இப்ப எங்கே இருக்கான்னு உனக்குத் தெரியுமா சரோஜா?"

பன்னிரண்டாவது மாற்றல்

ஜெயலட்சுமிபுரத்தில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர். அவர் மனைவி விமலா அம்மா கூப்பிட்டார். பரணிலிருந்து கரையான் இறங்கி வருகிறது என்றார். ஏறிப் பார்த்தோம். பரண் முழுக்க அட்டைப் பெட்டிகள். டி.வி., மிக்சி, கிரைண்டர், மேஜை விளக்கு என்று வாங்கிய எல்லாவற்றின் பெட்டியும் தெர்மாகோலோடு பத்திரமாக இருந்தது. அந்த டி.வி. போய் ஐந்து வருஷமாகியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஊர்ப் பெயர் எழுதியிருந்தார்: ஹாசன், பெல்லாரி, சிக்கமகளூர். வேலையில் பதினொரு மாற்றலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் 'இது வேண்டுமா' என்று கேட்கக் கூடாது. வேண்டும் என்றுதான் பதில் வரும். 'இது எதற்காக' என்று கேட்க வேண்டும். நான் கேட்க, அவரும் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார். கடைசியில் மிக்சிப் பெட்டி ஒன்று. மிக்சி எப்போதோ ரிப்பேராகிப் போய்விட்டது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. அதை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இதெல்லாம் போய்விட்டால் இனிமேல் நாம் எங்கேயும் போகப் போவதில்லை என்று ஆகிவிடுமே என்றார், என்னிடம் இல்லை, பொதுவாக. காபி டம்ளரோடு வந்த விமலா அம்மா அந்தப் பெட்டியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"போக வேண்டாம்னுதானே இங்கே வீடு கட்டினோம். பதினோரு ஊர்ல நான் வெச்ச செடியை விட்டுட்டு வந்திருக்கேன். இங்கேதான் ஒண்ணு பூக்கற வரைக்கும் இருந்தேன்."

யாருக்கு எந்தப் பெட்டி

பிள்ளைகள் இருக்கிற வீட்டில் நான் கொடுக்கும் யோசனை ஒன்றுதான். பிள்ளைக்கு ஒரு செருப்பு டப்பா கொடுத்துவிடுங்கள். அதில் எது இருந்தாலும் யாரும் கேட்கக் கூடாது. டப்பா நிறைந்தால் எதை எடுப்பது என்று அந்தப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். எங்களைக் கூப்பிட்ட திவ்யா என்பவரின் வீட்டில் இதை அவருடைய எட்டு வயது மகள் அன்வி உடனே பிடித்துக்கொண்டாள். மழுங்கிய பென்சில்கள், ஒரு பொத்தான், உடைந்த கண்ணாடி வளையல் என்று மணிக்கணக்கில் ஆராய்ந்து அடுக்கினாள். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்று வளர்கிற பிள்ளை. 'எங்கே' என்ற சொல் அவள் வாயில் வராது, எப்போதும் 'எல்லி' தான்.

வேலை முடிந்ததும் வீட்டைச் சுற்றிக் காட்டினோம். தாத்தாவின் மருந்துகளுக்கும் கண்ணாடிக்கும் ஓர் அலமாரித் தட்டு. அப்பாவின் சார்ஜர், ஹெல்மெட், கிரிக்கெட் மட்டைக்கு ஒரு மூலை. அன்வியின் டப்பா அவள் கட்டிலுக்குக் கீழே. திவ்யாவுக்கு ஒரே திருப்தி, எனக்கும்தான். அன்வி மட்டும் ஒவ்வோர் அறையாகப் போய் மறுபடி பார்த்துவிட்டு வந்தாள். கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய திவ்யாவின் ஆபீஸ் பையைக் கூடத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அம்மா, உன் பாக்ஸ் எல்லி?"

மஞ்சுளா என் வீட்டுக்கு வந்தது

என் வீட்டை இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. காரணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். சிங்க்குக்குக் கீழே பைக்குள் பை, அதற்குள் பை. டைனிங் டேபிளில் சாப்பிட ஒரு முழ இடம். கட்டில் பக்கத்து நாற்காலியில், அழுக்கும் இல்லை சலவையும் இல்லை என்கிற ரகத்துத் துணிமலை. போன மழைக்காலத்தில் காய்ச்சலில் நாலு நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் மஞ்சுளா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

எனக்குக் காய்ச்சலைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அவள் சமையலறையில் உருட்டிப் புரட்டி மிளகு ரசம் வைத்து எடுத்துவந்தாள். நாற்காலியிலிருந்த துணிகளை மட்டும் மடித்துக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, காலியான நாற்காலியில் உட்கார்ந்து டம்ளரை நீட்டினாள். எல்லாம் அலங்கோலமாகக் கிடக்கிறதே மஞ்சுளா என்றேன். எனக்காகத் தமிழில் பேசினாலும் அவள் பேச்சில் கன்னட வாடை போகாது:

"இன்னைக்கு ஒரு சேர் போதும் மேடம். மத்ததெல்லாம் நீங்க எழுந்த மேலே."

உப்பு வரைக்கும்

சரஸ்வதிபுரத்து கிருஷ்ணமூர்த்தி சாரின் மகள் புனேயிலிருந்து பேசினாள். அவளுடைய அம்மா ராஜலட்சுமிக்கு ஞாபகம் குறைந்துகொண்டே வருகிறது. காபியில் உப்புப் போடுகிறார், பால் பாத்திரத்தைத் துணி அலமாரியில் வைக்கிறார். சமையலறைப் பக்கம் வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மா தன்னுடைய சமையலறைக்குத் திரும்பிப் போகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள்.

இரண்டு நாள் வேலை. பாதி சாமான்களை வெளியே எடுத்தோம். ஷெல்ஃப் கதவுகளைக் கழற்றினோம். மூடியிருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கு நினைவிருக்காது. தினமும் வேண்டியதை மட்டும் கண்ணுக்கு நேராக ஒரே வரிசையில் வைத்தோம். டப்பாக்களுக்கு சார் சொல்லச் சொல்ல மஞ்சுளா கன்னடத்தில் பெயர் எழுதி ஒட்டினாள். சாரின் குடும்பம் மூன்று தலைமுறையாக மைசூரில்தான். தமிழ் பேசுவார், படிக்கத் தெரிந்தது கன்னடமும் இங்கிலீஷும்தான். எல்லாம் முடிந்து அம்மாவைக் கூட்டிவந்தோம். அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். இது யார் வீட்டுச் சமையலறை, நான் எப்படி உள்ளே போவது என்று கேட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார்.

எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அம்மா கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். எழுத்து என்றால் அவருக்குத் தமிழ்தான். எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, வெள்ளைக் காகிதமும் பேனாவும் அவரிடமே கொடுத்தேன். ஒவ்வொரு டப்பாவையும் திறந்து காட்டினேன். பார்த்தார், மோந்தார், எழுதினார். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்தவருக்குக் கையெழுத்து மட்டும் ஒரு பிசிறு இல்லாமல் வந்தது. எழுதி முடித்ததும் தானாகவே அடுப்புப் பக்கம் போய் நின்றார். சார் அவர் பின்னால் போய் கேஸைப் பற்றவைத்துக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் சமைக்கிறார்கள். அம்மா சொல்வதை சார் எடுத்துக் கொடுக்க வேண்டும், ஆனால் டப்பாவின் மேல் இருப்பதை அவருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு சின்ன நோட்டில் அந்தப் பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தப்பைத் திருத்துகிறார். என்னைப் பார்த்ததும் சார் நோட்டை மூடிவிட்டார். பிறகு அவரே திறந்து காட்டினார்:

"கல்யாணமான புதுசுல இவ அவங்க அம்மாவுக்கு வாரா வாரம் லெட்டர் எழுதுவா. நான்தான் கொண்டுபோய் தபால்ல போடுவேன், ஒரு வரி படிக்கத் தெரியாது. இப்ப 'உப்பு' வரைக்கும் வந்துட்டேன். 'சர்க்கரை'க்கு இன்னும் கொஞ்ச நாளாகும்."

நான் ஒழுங்கு செய்து கொடுத்த வீடு எதுவும் ஆறு மாதத்துக்கு மேல் ஒழுங்காக இருந்ததாகத் தெரியவில்லை, உள்ளே மனிதர்கள் இருக்கிற வரைக்கும் எனக்கும் மஞ்சுளாவுக்கும் வேலை இருக்கும்.